கூரைக்கு அடியில் தார்க் காகிதம்

மூச்சு முட்டுகிறது என்று சொந்தப் புருஷனிடம் சொல்லத் தயங்கியவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மலாய் நாட்டில் காஜா பெராங் என்ற இடத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தது பழைய ஓட்டு வீடு. ஓடுகள் நகர்ந்து போய் இடுக்குகளில் வானம் தெரியும். காற்றடித்தால் ஓட்டுத் தூள் சோற்றில் விழும். எனக்கோ சின்ன வயதிலிருந்தே இழுப்பு. "தூசிதாம்மா ஒனக்கு எமன்" என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், என் வீட்டுக்காரர் அண்ணாந்து கூரையையே பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அவருக்கு அரிசிக் கடையில் வேலை. மூட்டை அடுக்கத் தெரியுமே தவிர நேராக ஓர் ஆணி அடிக்க வராது. ஆனாலும் ஆள் வைக்கவில்லை. தார் பூசிய காகிதச் சுருள்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, ஏணியில் நின்று, ஓட்டைத் தாங்கும் கைமரங்களின் அடிப்பக்கத்தில் இழுத்து இழுத்து அடித்தார். இரண்டு தாள் சேரும் இடமெல்லாம் தாரைக் காய்ச்சிப் பூசினார். சுதந்திரம் எப்போது என்று சொல்லப் போகிறார்கள் என்று ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்கு ஓடிய அன்றைக்கும் அவர் ஏணியை விட்டு இறங்கவில்லை.

"நீங்களும் போய்ட்டு வாங்களேன்" என்றேன்.

"சுதந்திரம் எங்கயும் ஓடிப் போயிடாது. ஒனக்கு இழுப்பு வந்தா யாரு பாக்கறது?"

திடலிலிருந்து திரும்பியவர்கள் சுதந்திரம் என்பதை மலாயில் 'மெர்டேக்கா' என்று கத்திக்கொண்டு தெருவில் போனபோது, அவர் முகத்தில் ஒட்டியிருந்த தாரை நான் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் ஒருத்தியின் நெஞ்சுக்காக ஊர்ச் சந்தோஷத்தையே விட்டுவிட்டாரே என்று எனக்கு அழுகை வந்தது.

கூரை வேலை முடிந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்தேன். எப்போதும்போல அவர் சாம்பிராணி போட்டு, தூபக்காலை என் கூந்தலுக்கடியில் காட்டிவிட்டு, அறை அறையாக எடுத்துப் போனார். முன்பெல்லாம் அந்தப் புகை ஓட்டு இடுக்கு வழியாகப் போய்விடும். அன்று மேலே போன புகை தார்க் காகிதத்தில் முட்டி, திரும்பி எங்கள் தலைமேலேயே இறங்கியது. அடுப்புப் புகையும் சேர்ந்துகொண்டது. எனக்கு நெஞ்சு இறுகியது.

"இப்ப எப்டி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டார்.

"ரொம்ப நல்லாருக்குங்க" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

அடுத்து, மழையே இல்லாத ஒரு நாள் காலையில் காகிதத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. சோறு வடித்த ஆவி போக வழியில்லாமல் மேலே குளிர்ந்து தண்ணீராகியிருந்தது. அவர் ஓடு ஒழுகுகிறது என்று நினைத்து, மிச்சமிருந்த இடுக்குகளையும் தாரால் அடைத்தார். நான் ஒரு தடவை இருமினால் அவர் ஒரு தடவை ஏணி ஏறுவார். அதற்குப் பயந்தே இருமுவதை நிறுத்தினேன். இருமல் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுவேன். அங்கே ஆசை தீர இருமிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு சிரித்த முகமாக வருவேன். நல்ல நடிகை!

பலன், 'என் வீட்டுக்காரிக்கு இழுப்பே போயிடுச்சு' என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண் வந்தாள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பதால் அவர்களுக்குத் தமிழ் வராது, மலாய்தான். இடுப்பில் கைக்குழந்தை. பிறந்ததிலிருந்தே அதற்கு மார்புச் சளி, மூச்சு விடும்போது பூனைபோலச் சத்தம் வரும். தன் வீட்டுக் கூரைக்கும் இதேபோல அடித்துத் தர வேண்டும் என்று கேட்டாள். இவருக்கு வாயெல்லாம் பல். அப்போதே ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

நான் அந்தக் குழந்தையையே பார்த்தேன். அதற்கு முந்தானையும் இல்லை, கிணற்றடிக்கு ஓடக் காலும் இல்லை.

"ஜாங்கான்!" என்று மலாயில் கத்திவிட்டேன், வேண்டாம் என்று. அடக்கி வைத்திருந்த இருமலும் அதோடு கிளம்பிவிட்டது. வாசற்படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய இருமினேன். அவள் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

அவர் ஏணியை மெல்லச் சுவரில் சாய்த்துவிட்டு, "எப்பலேருந்து?" என்று கேட்டார்.

"மொத வெள்ளிக்கெழமலேருந்து."

"நான் தெனம் கேட்டேனேம்மா."

அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் மறைத்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி முன்னால் அவர் முகம் சுருங்கும்படி செய்துவிட்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றே காகிதத்தைக் கிழித்துப் போட்டு, ஓட்டு இடுக்குகளில் அடைத்த தாரையும் சுரண்டி எடுத்தார். பிறகு கடையிலிருந்து வெற்றுக் கோணிகள் கொண்டுவந்தார். நான் அவற்றை வெந்நீரில் அலசி, காயவைத்து, ஒன்றோடொன்று தைத்தேன். அதைக் கைமரங்களுக்கு அடியில் கட்டினோம். தூள் கோணியில் தங்கியது, புகையும் ஆவியும் அதன் கண்கள் வழியே வெளியே போயின. செட்டிப் பெண்ணின் வீட்டுக்கும் நானே தைத்துக் கொடுத்தேன்.

என் மூச்சு சரியாகிவிட்டது. அவர்தான் சரியாகவில்லை. அதற்குப் பிறகு எதைச் செய்து கொடுத்தாலும், "நல்லாருக்கா? நெசமா சொல்லு" என்பார். காலையில் அவர் போட்டுத் தரும் காப்பியைக் குடித்து, நன்றாக இருக்கிறது என்று நான் மனதாரச் சொல்வேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குவளையை வாங்கி, தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்துக்கொள்வார்.