பூட் என்ற சொல் பிறந்த கதை

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கணினி நிலையத்தில் மாதக்கணக்கில் படித்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். உப்புக்காற்று பட்டால் பழுதாகிவிடும் என்று கம்ப்யூட்டர்களைச் சீலையால் மூடி வைத்திருந்தார்கள். படிப்பித்த சேர் அந்தச் சீலையை ஒருநாளும் விலக்கவில்லை. சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று அந்த மனுசனுக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

சொற்களின் பிறப்பை மட்டும் பெரிய பண்டிதர் மாதிரி விளக்குவார். கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்குவதை ஏன் 'பூட்' என்கிறோம்? தன் பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கி நிறுத்துகிறவனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பேச்சு உண்டாம், கம்ப்யூட்டரும் அப்படித் தன்னைத்தானே எழுப்புவதால் அதிலிருந்து வந்ததாம். வெறுங்காலோடு நின்று அவர் சொல்ல, வெறுங்காலோடு இருந்து நாங்கள் எழுதினோம்.

வெள்ளாங்குளத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒருத்தி மட்டும் கேட்டாள். "சேர், கம்ப்யூட்டரை ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோவன்."

"அது அடுத்த கோர்ஸ், பிள்ளை."

சான்றிதழ் தந்த நாளில் சீலைகளை எடுத்துவிட்டு, எங்களைக் கம்ப்யூட்டர்களுக்கு முன்னால் இருத்திப் படம் எடுத்தார்கள். "சிரிச்சுக்கொண்டு தட்டுங்கோ" என்றார் சேர்.

அந்தப் படம்தான் இன்றும் அவர்களுடைய விளம்பரப் பலகை. அதில் நாங்கள் எல்லோரும் கறுத்துக் கிடக்கும் திரைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.