செம்பாட்டு மாப்பிள்ளையின் கிணறு

சீவரத்தினத்தாருக்குக் காலில் சக்கரம் என்று நாரைவில் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அது சும்மா சொல்வதல்ல. மனிதர் தேநீர் குடிப்பதே நின்றபடிதான். சோற்றுக்கு இருப்பார், இரண்டாந்தரம் கறி வருவதற்குள் எழுந்து கை கழுவிவிடுவார். கோயிலில் பூசை முடியுமுன்னே வெளிவீதிக்கு வந்து, "ஐயர் உதென்ன இழுக்கிறார்" என்று யாரிடமாவது கேட்டுக்கொண்டு நிற்பார். சாமிக்கே காத்திருக்காத மனிதரை மண்ணுக்குக் காத்திருக்கச் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் அவருடைய சீவியம்.

பிறந்தது உரும்பிராயில். சிவந்த, நல்ல செம்பாட்டு மண். கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலையாக இருந்தவர், எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த சாரத்தோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். உரும்பிராய்க் காணி அண்ணன் கதிரவேலுவின் கையில் இருந்தது. மனைவி குணலட்சுமிக்குச் சீதனமாக வந்த காணியோ சாவகச்சேரிக்குத் தெற்கே, கடல்நீரேரிப் பக்கமாக, நாரைவில்லில் சும்மா கிடந்தது. அங்கே போய்த் தோட்டம் செய்வோம் என்று இருவரும் கிளம்பினார்கள்.

காணியைக் கண்டதும் சீவரத்தினத்தார் முகத்தைச் சுளித்தார். மேலே வெள்ளை வெளேரென்று மணல். ஓராள் ஆழம் தோண்டினால் நீலம் பாரித்த களி, வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று, இடையிடையே மட்டிச் சிப்பியோடு. வில் என்றால் நீர் தேங்கி நிற்கும் இடம். எந்தக் காலத்திலோ ஏரியாகக் கிடந்து தூர்ந்துபோன தரை அது. ஏரி போய்விட்டது, அதன் அடித்தளம் மட்டும் மணலுக்குக் கீழே அப்படியே படுத்திருந்தது.

செம்பாட்டில் தண்ணீர் விட்டால் அது ஆறுதலாக இருந்துவிட்டுத்தான் போகும். மணலில் விட்ட தண்ணீர் விட்ட கையோடு காணாமற்போனது. முதற்கோடையில் வெங்காயம் நட்டார். காலையில் இறைத்த பாத்தி மத்தியானத்தில் சுட்டது. அள்ளிப் போட்ட எருவெல்லாம் தண்ணீரோடு கீழே இறங்கிவிட, வெங்காயம் மஞ்சளடித்து நின்றது. சரி, மாரி வரட்டும் என்று மிளகாய் போட்டார். மாரியும் வந்தது. இப்போது தலைகீழ்க் கூத்து. மேல் மணல் காய்ந்து கிடக்க, விரலை விட்டால் தண்ணீர். கீழே களி வழிவிடாததால் பெய்த மழையெல்லாம் வேரடியிலேயே நின்று, கன்றுகள் அழுகின.

"கோடையிலை குடிச்சுக் கொல்லுது, மாரியிலை குளிப்பாட்டிக் கொல்லுது! இதென்ன மண்ணெடியப்பா?" என்று வெடித்தார்.

"இஞ்சருங்கோ, இது உங்கடை உரும்பிராய் இல்லை" என்றாள் குணலட்சுமி. "மாரியிலை வரம்பை உயத்திப் போட்டு அதுக்கு மேலை நடுங்கோ. கோடையிலை கொஞ்சங் கொஞ்சமாய் இறையுங்கோ. இந்த மண்ணுக்கு அவசரம் பிடிக்காது."

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கிணற்றைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டாள்.

அந்தக் காணியின் உயிரே அந்தக் கிணறுதான். தண்ணீர் இளநீர் மாதிரி. மாரி மழையை மணல் குடிக்க, களி அதை உள்ளங்கையில் ஏந்துவதுபோல் தாங்கி வைத்திருந்தது. குணலட்சுமியின் தகப்பன் மணல் சரியாமல் சீமெந்து வளையம் இறக்கி, களி தட்டுப்பட்டதும் வெட்டை நிறுத்திவிட்டார். களிக்குக் கீழே உவர் என்று அவருக்குத் தெரியும். விடாமல் அள்ளினால் கிணறு வற்றும். கொஞ்சம் பொறுத்தால் மணலிலிருந்து கசிந்து மறுபடி ஊறும். அந்த வீட்டில் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான்: "பொறுங்கோ, ஊறும்."

சீவரத்தினத்தாருக்கு அதைக் கேட்டாலே உடம்பெல்லாம் எரியும். உரும்பிராயில் தண்ணீர் குறைந்தால் கல்லுக்கு வெடி வைத்து இன்னும் இரண்டு முழம் இறக்குவார்கள். தண்ணீர் குபுகுபுவென்று வரும். அதைப் பார்த்து வளர்ந்தவர், வாளியைக் கையில் வைத்துக்கொண்டு மணலின் தயவுக்காக நிற்பதா?

"கிணத்தை மட்டும் தொடாதேங்கோ" என்று குணலட்சுமி பலதரம் சொல்லியிருந்தாள். அவரும் பலதரம் தலையாட்டியிருந்தார்.

தொண்ணூறில் சண்டை மூண்டு மயிலிட்டியை விட்டுச் சனம் எழும்பியது. கடற்கரையே காலியாயிற்று. மீன்பிடிகாரன் சூசைதாசனும் மனைவி லூர்த்தம்மாவும் பிள்ளைகளோடு வந்து சீவரத்தினத்தாரின் தென்னங்காணி மூலையில் கிடுகுக் கொட்டில் போட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சில குடும்பங்கள். எல்லாருக்கும் ஒரே கிணறு. குணலட்சுமியின் வீட்டில் ஒரு பழைய வழக்கம் இருந்தது: வேறு ஆட்கள் வாளியைத் தொடக்கூடாது, வீட்டுக்காரர் அள்ளி அவர்கள் குடத்தில் ஊற்றுவார்கள். அவளும் அப்படியே ஊற்றினாள். சீவரத்தினத்தார் இரண்டு நாள் பார்த்தார்.

"நீ ஊத்தி முடிக்க இதுகள் கிழவியளாய்ப் போயிடுங்கள்" என்று வாளியைப் பிடுங்கி லூர்த்தம்மாவின் கையில் கொடுத்தார். "பிள்ளை, நீயே அள்ளு."

குணலட்சுமி அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை. மறுநாள் லூர்த்தம்மா தன் குடத்தை நிரப்புமுன் குணலட்சுமியின் குடத்தை நிரப்பி வைத்ததைக் கண்டதும் கோபம் போய்விட்டது. மனிதருக்குப் பொறுமை இல்லையே தவிர, மனம் இல்லாமல் இல்லை. அவருடைய அவசரத்தில் விளைந்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்றும் சொல்லலாம்.

தொண்ணூற்றிரண்டில் மழை பொய்த்தது. ஆவணியில் கிணற்றடியில் குடங்கள் வரிசையாகக் கிடந்தன. ஊறுகிற தண்ணீர் ஒரு குடத்துக்கும் காணாது. ஒருநாள் வரிசையில் தள்ளுப்பட்டு லூர்த்தம்மாவின் மண்குடம் உடைந்தது. அவள் உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். குணலட்சுமி அப்போது தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காக வரணிக்குப் போயிருந்தாள். சீவரத்தினத்தார் வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு சூசைதாசனைக் கூப்பிட்டார்.

"இறங்கு. இன்னும் ரெண்டு முழம் போடுவம்."

"அக்கா வேண்டாமெண்டு சொன்னவவெல்லோ அண்ணை?"

"அக்கா வந்து தண்ணியைக் கண்டால் ஒண்டும் சொல்லமாட்டா."

அலவாங்கு, அந்தக் கனத்த கடப்பாரை, களியில் ஏறவில்லை, ஒட்டிக்கொண்டது. குத்தி, இழுத்து, வாளி வாளியாகக் களியை மேலே ஏற்றினார்கள். பொழுது சாயும்போது அலவாங்கு திடீரென்று பிடித்த கைவரை உள்ளே போனது. அடியில் தண்ணீர் குமிழியிட்டு எழும்பியது. மேலே நின்ற சனம் கைதட்டியது. பிள்ளைகள் தலையில் ஊற்றிக்கொண்டு குதித்தார்கள். ஒரு பையன் வாயில் போன தண்ணீரைத் துப்பினான். சீவரத்தினத்தார் ஒரு கை அள்ளிக் குடித்தார்.

கரித்தது.

கலங்கல் தெளிந்தால் சரியாகும் என்றார். இறைத்துப் பார்த்தார். இறைக்க இறைக்க இன்னும் கரித்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். இந்தப் பூதம் எந்தக் காலத்துக் கடலோ, களிக்குக் கீழே இத்தனை நாள் அடைபட்டுக் கிடந்தது.

வரணியிலிருந்து வந்த குணலட்சுமி வாளியில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தார். ஏசியிருந்தால் அவருக்கும் ஆறியிருக்கும்.

"இது எங்கடை அப்பு எனக்கு விட்டிட்டுப் போன தண்ணி" என்றாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருக்கு மற்றப் பக்கம் இருந்த பள்ளிக்கூடக் கிணற்றுக்கு நடந்தாள். அன்று தொடங்கியது அந்த நடை. தினமும் அவர் கண்முன்னாலேயே போவாள், வருவாள்.

வழி சொன்னவன் சூசைதாசன். "வள்ளத்திலை நீக்கல் விட்டால் அடைக்கிறமெல்லோ அண்ணை. உதுவும் அப்பிடித்தானே?" வெளியே கொட்டிய களி காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதை ஊறவைத்து, மாவுபோலக் குழைத்து, இறங்கி நின்று காலால் மிதித்து மிதித்து ஓட்டையை அடைத்தார்கள். ஓட்டை அடைபட்டது. ஆனால் மணலில் ஏறிய உப்பை யார் எடுப்பது? அதை மழைதான் கழுவ வேண்டும். மழைக்கு யாரும் அலவாங்கு போட முடியாது.

சீவரத்தினத்தார் தினமும் விடிய எழுந்ததும் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். முதல் மாரி போனது, அப்போதும் கரிப்பு. இரண்டாம் மாரி போனது. மாடு குடித்தது, அவ்வளவுதான். மூன்றாம் மாரி முடிந்த கையோடு குணலட்சுமியிடம் ஓடினார்.

"குணம், இப்ப நல்லாயிருக்கு. ஒரு வாய் குடிச்சுப் பார்."

"உங்கடை நாக்கு உங்களை மாதிரி அந்தரப்படும்" என்றாள். "நான் நம்பேலை." பள்ளிக்கூடக் கிணற்றுக்கே நடந்தாள். தண்ணீர் கெட்டது ஒரு நாளில். அவள் மனம் ஆறுவதற்கு மூன்று மாரியும் போதவில்லை. அந்த வருத்தம் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்கிவர, வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி, மழையில் நனைந்து, நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குள் வந்து விழுந்தது. காலையில் நாரைவில்லில் ஒதுங்க ஒரு மரத்தடிகூட மிச்சமில்லை. உரும்பிராயிலிருந்து கதிரவேலுவும் வந்தார். சைக்கிளில் ஒரு சாக்கு, கால் முழுக்கச் சேறு. யாரையும் கேட்காமல் நேரே கிணற்றடிக்குப் போய் வாளியை விட்டார். துப்பிவிடப் போகிறாரே என்று சீவரத்தினத்தார் பார்த்துக்கொண்டே நின்றார். குணலட்சுமியும் வாசலில் நின்று பார்த்தாள்.

கதிரவேலு அரை வாளித் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார். வாயைத் துடைத்தார்.

"நல்ல தண்ணியடா தம்பி. எங்கடை கிணத்திலையும் இப்பிடி இல்லை."

குணலட்சுமி வந்தாள். வாளியில் மிச்சம் இருந்ததைக் கையில் ஏந்திக் குடித்தாள். இன்னொரு கை குடித்தாள். பிறகு நிமிர்ந்து, வாசற் படலையடியில் நின்ற சனத்தைப் பார்த்து, "வாருங்கோ, வந்து அள்ளுங்கோ" என்று கூப்பிட்டாள். சீவரத்தினத்தார் முகத்தை மறுபக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்தார்.

அவ்வளவு சனத்துக்கு எந்தக் கிணறு தாங்கும்? மத்தியானத்துக்குள் வாளி களியில் மோதி வெறுமையாக வந்தது. வரிசை வெளியே ஒழுங்கைவரை நின்றது. பிள்ளைகள் அழுதன. கதிரவேலு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதென்னடா, இவ்வளவுதான் ஆழமோ? எங்கை அலவாங்கு? இன்னும் ரெண்டு முழம் போட்டால் குபுகுபுவெண்டு வரும்!"

குணலட்சுமி திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அலவாங்கு கொட்டிலில்தான் சாத்தியிருந்தது. சீவரத்தினத்தார் அந்தப் பக்கம் போகவில்லை. வந்து, கிணற்றுக்கட்டில் குந்தி, வாளியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"பொறுங்கோ அண்ணை" என்றார். "ஊறும்."