படத்துக்குக் கட்டிய வாளிகள்

எங்கள் தீவுத் தலைநகரை ஒட்டிய கராச்சர்மாவில் பக்கத்து வீட்டு அமிர்தவல்லி அக்கா, தென்னை ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ஒப்பந்தப் பணியாளர். பதினாறு வருடமாக, தொலைவிலுள்ள ரங்கத் ஊருக்கு பஸ் ஏறிப் போய், வாசனை மருந்து வைத்து வண்டு பிடிக்கும் வாளியைப் பற்றித் தோட்டம் தோட்டமாகச் சொல்கிறவர். தமிழர் வீட்டில் தமிழ், வங்காளி வீட்டில் தீவு இந்தி. வாளியைத் தோட்டத்து ஓரத்தில் கட்டு, கன்றுப் பக்கம் கட்டாதே, வாசனைக்கு வரும் வண்டு குருத்தைத் துளைத்துவிடும்: அவர் பாடம் அவ்வளவுதான்.

அந்த நிலையத்து விஞ்ஞானி அருண்பிரசாத் அதுவரை ஆபீஸ் படி இறங்கியதில்லை. மக்களிடம் அறிவியலைக் கொண்டுசெல்பவருக்கு விருது என்று அறிவிப்பு வந்ததும் ஒரே மாதத்தில் மூன்று முறை ரங்கத் வந்தார். எப்படியோ வந்தாரே என்று அக்கா சந்தோஷப்பட்டார்.

இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் நாகராஜுடையது. அவர் தோட்டத்தில், கன்றுகளுக்கு நடுவே வாளியைக் கட்டினார் விஞ்ஞானி. பெரிய மரமென்றால் விருதுக்கு எடுக்கும் படத்தில் வெறும் தண்டுதான் விழும். கன்றென்றால் ஓலையும் முகமும் சேர்ந்து விழும். அக்கா தடுத்தார். "படத்துக்குத்தானேம்மா, அப்புறம் மாத்திக்கலாம்" என்று விஞ்ஞானி சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். அக்காவையும் கையோடு ஆபீஸுக்குக் கூட்டிவந்து, இரண்டு மாதம் விண்ணப்பத்துக்குப் படம் ஒட்ட உட்கார்த்திவிட்டார்.

டாக்டர் சாப் என்று எல்லோரும் கூப்பிடும் விஞ்ஞானி கையால் கட்டியதை யார் அவிழ்ப்பார்கள்? பக்கத்துத் தோட்டங்களும் பார்த்து அப்படியே கட்டின.

விவசாயியின் நன்றிக் கடிதம் ஒன்று வாங்கிவரச் சொல்லி அக்காவை மறுபடி அனுப்பினார்கள். நாகராஜின் நாற்பது கன்றில் இருபத்தேழு குருத்தழிந்து நின்றன. நாகராஜ் அக்காவுக்கு உட்கார நாற்காலி போடவில்லை.

"ஓரத்துல கட்டுன்னு நீங்க சொன்னீங்க அக்கா. பெரிய சாப் நடுவுல கட்டிட்டுப் போனாரு. இனிமே ஒங்க பேச்ச நாங்க எப்புடி நம்புறது?"

"இதையே எழுதிக் குடுங்க, நாகராஜ்."

ஏப்ரலில் அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியவர் அதே விஞ்ஞானிதான். நாகராஜ் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பார்த்ததும் வேறொன்று வாங்கிவரச் சொன்னார். அக்கா அசையவில்லை.

"மக்கள்கிட்ட பேசினதுக்குத்தானே சார் விருது? அவங்க பேசினதையும் விண்ணப்பத்துல வைங்க."

அவர் வைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. அது இதற்காவது உதவட்டும் என்று, ஒரு சொல்லையும் மெழுகாமல் அந்தக் கடிதத்தை இங்கிலீஷில் மாற்றி எழுதினேன். அடியில் அக்கா தன் முழுப் பெயரோடு வேலையையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, விருதுக் குழுவுக்கு நேராகப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.