குடும்பங்களுக்கு மட்டும்

கப்பல் அறையின் கட்டிலில் உட்கார்ந்து அப்பா என் டேப்லெட்டை வாங்கிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கீழே விழுந்துவிடக்கூடாத ஒரு பொருளை வாங்குவதுபோல இரண்டு கைகளையும் நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். துபாயில் நாங்கள் ஏறிய அந்த உல்லாசக் கப்பல் மறுநாள் காலை தோஹா துறைமுகத்தில் நிற்கும். பயணிகள் மாலை வரை ஊருக்குள் போய் வரலாம். அந்த ஒரு பகலில் எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று நான் போட்டு வைத்திருந்த அட்டவணை அதில் இருந்தது. மூன்று கடற்கரைகள். ஒவ்வொன்றுக்கும் நிழல், கழிப்பறை, அலையின் வேகம், துறைமுகத்திலிருந்து தூரம் என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டிருந்தேன்.

"என்ன மக்ளே, கொட்டேஷனா?" என்றார். "மூணு பார்ட்டிகிட்ட வாங்கியிருக்க. இனி ரேட்டு கொறஞ்சவன புடிச்சு வேலைய குடுக்க வேண்டியதுதான்."

நான் ஒரு தொழிற்சாலையில் கருவிப் பொறியாளர். அழுத்தமும் வெப்பமும் சரியாக இருக்கின்றனவா என்று அளந்து பார்ப்பதே என் வேலை. அளக்க முடியாத எதற்கும் முன்னால் நிற்கும்போது உடனே கோடு போட்டுப் பிரித்து எழுத ஆரம்பித்துவிடுவேன். அந்த நாட்களில் எனக்கு முன்னால் நின்றது அப்பாவின் சிறுநீரகம். தோஹா தொழில்பேட்டையில் ஒரு தொழிலாளர் கேம்பில் தங்கி, வாழ்நாளின் பெரும்பகுதியைக் கூரைகளின் மேல் ஏசி மெக்கானிக்காகக் கழித்தவர் அவர். வெயிலில் வற்றிப்போன உடம்பு. வேலையை முடித்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரை ஊருக்குத் திரும்பிய பிறகுதான் கால்கள் வீங்கத் தொடங்கின. கிறிஸ்துமஸ் கழிந்ததும் டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டால் பிறகு வெளியூர்ப் பயணம் சிரமம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நடுவில் மிச்சமிருந்தது ஒரு மாதம். அவரை விசிட் விசாவில் துபாய் சத்வாவிலுள்ள என் அறைக்கு வரவழைத்து, மருத்துவரின் சம்மதத்தோடு இந்தக் கப்பலில் இடம் பிடித்தேன். அம்மாவையும்தான் கூப்பிட்டேன். "படகுல ஏறினாலே எனக்கு கொமட்டும். அப்பனும் மகளுமா போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

என் கணக்கில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் தனிக் கடற்கரைதான் முதலில் வந்தது. குடை, சாய்வு நாற்காலி, துண்டு, பக்கத்திலேயே கழிப்பறை எல்லாம் உண்டு. அடுத்தது நகரத்துக்குத் தெற்கே, மணல்மேடுகள் நேராகக் கடலில் சரிந்து இறங்கும் இடம். படத்தில் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும், அவர் உடம்பு தாங்காது. மூன்றாவது, துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே உள்ள சாதாரணப் பொதுக் கடற்கரை. நிழல் கிடையாது, பெரிதாகப் பார்ப்பதற்கும் ஒன்றும் கிடையாது. அட்டவணை முழுமையாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் அதைச் சேர்த்திருந்தேன்.

அப்பாவின் விரல் நேராகப் போய் நின்றது அதில்தான். "இதுக்கு போவோம்" என்றார்.

நான் நிழலைப் பற்றிச் சொன்னேன். ஹோட்டலின் நாற்காலிகளைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "இது எனக்கு தெரிஞ்ச எடம் கேட்டியா" என்றார். அந்தக் கடற்கரையின் உணவகக் கட்டடத்துக்கு ஏசி மாட்டியவர்களில் அவரும் ஒருவர். கோடைதோறும் அவுட்டோர் யூனிட்டைக் கழுவவும் கேஸ் நிரப்பவும் அவரைத்தான் அனுப்புவார்களாம். கூரையில் குத்தவைத்து வேலை செய்யும்போது கீழே முழுக் கடற்கரையும் தெரியும். குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கும் ஆண்களைப் பார்த்திருக்கிறார். மணலில் பாய் விரித்து டிபன் கேரியரைத் திறக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறார். கம்பெனி யூனிஃபார்மோடு போனால் வாசலில் சலாம் வைத்து உள்ளே விடுவார்கள். வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவான வெள்ளிக்கிழமையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனால் விடமாட்டார்கள். அன்றைக்குக் குடும்பங்களுக்கு மட்டும்தான் அனுமதி. கேம்பில் இருக்கிற எல்லாரும் அந்த ஊர்க் கணக்கில் பேச்சிலர்தான், ஊரில் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும்.

இது எனக்குப் புதிய செய்தி இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வரும்போதெல்லாம் அவர் சொல்லிச் சிரிக்க வைத்த கதைதான். "செக்யூரிட்டி கைய குறுக்க நீட்டி, ஃபேமிலியான்னு ஒரே வார்த்த கேட்டான். இருக்கு பாய், ஊர்ல இருக்குன்னேன். அப்போ ஊர்ல போயி குளின்னான்." சித்தப்பாக்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அம்மாகூடச் சிரிப்பாள். அப்பாவின் மடியில் உட்கார்ந்து, என்னவென்று புரியாமலே நானும் சிரித்திருக்கிறேன். கப்பல் அறையில் அவர் அந்தக் கதையைச் சொல்லவில்லை. "அங்கன ஒரு தடவ எறங்கி குளிக்கணும்" என்று மட்டும் சொன்னார். கடலோரத்தில் பிறந்தவர். ஊரில் இருந்தால் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் கடலில் முங்கி எழாமல் இருக்கமாட்டார். தோஹாவில் வாழ்ந்த அத்தனை வருடங்களில் அந்தக் கடலில் அவர் நனைந்ததில்லை. டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உன் பாஸ்போர்ட்டுல என் பேரு இருக்குல்லா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "ஒரு காப்பி எடுத்து வச்சுக்க."

மறுநாள் காலை கப்பலின் உணவுக்கூடத்தில் தட்டைக் கையில் ஏந்தி வரிசையாக வைத்திருந்த பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். "கேம்ப் மெஸ்ல இப்படி போட்டிருந்தா ஒருத்தனும் லீவு கேட்டிருக்கமாட்டான்" என்றார். கடைசியில் மருத்துவர் அனுமதித்த இரண்டு இட்லியை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக இறங்கத் தயாரானபோது, அப்பா இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பெல்ட், பாலிஷ் போட்ட ஷூ என்று நேர்முகத் தேர்வுக்குப் போகிறவரைப் போல வந்து நின்றார். பாஸ்போர்ட் நகலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

டாக்சியில் போகும்போது வழியெல்லாம் எந்தக் கட்டடத்தில் எந்த வருடம் வேலை செய்தார் என்று காட்டிக்கொண்டே வந்தார். கடற்கரை வாசலில் இறங்கியதும் சட்டைப்பையிலிருந்து நகலை எடுத்து விரித்துக் கையில் பிடித்துக்கொண்டார். வாசலில் இருந்த இளைஞன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தான், பிறகு உள்ளே போகச் சொல்லிக் கையை ஆட்டினான். அவ்வளவுதான். அப்பா இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவன் மறுபடி செல்போனில் மூழ்கியிருந்தான். அப்பா நகலை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

தண்ணீருக்குச் சற்றுத் தள்ளிப் பாயை விரித்தேன். வெள்ளிக்கிழமை. எங்களைச் சுற்றிக் குடும்பங்கள். பக்கத்தில் ஒரு மலையாளி வீட்டுக்காரர்கள் யாரையோ கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா உணவகக் கட்டடத்தின் கூரையை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். "யூனிட்ட மாத்திட்டானுவ" என்றார். பிறகு ஷூவைக் கழற்றினார். காலுறைகளைச் சுருட்டி உள்ளே திணித்தார். வீங்கிய பாதங்களை மணலில் ஊன்றி விரல்களை மெல்ல அசைத்தார். அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. யாருக்கும் காட்டுவதற்கான சிரிப்பாக அது இல்லை. கைப்பொத்தான்களைக் கழற்றிவிட்டுக் கழுத்துப் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். "நீயும் எறங்கு மக்ளே, சும்மா கரையில இருக்காத."

அப்போதுதான் நீலச் சீருடை போட்ட ஒரு காவலாளி எங்களை நோக்கி வந்தார். வயதானவர், நேபாளியாக இருக்கலாம். இங்கே வெயில் அதிகம், அந்த உயிர்காப்பாளர் கோபுரத்தடியில் நிழல் காலியாக இருக்கிறது, பாபாவை அங்கே உட்கார வையுங்கள் என்று சொல்லத்தான் வந்தார். அதை அவர் சொன்னது பிறகு. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அப்பா எழுந்துவிட்டார். ஒரு கையில் ஷூ இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தார். மறுகை பாயின் நுனியை உருவிக்கொண்டிருந்தது. பாயின் மேல் நான் உட்கார்ந்திருப்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. "ஜாத்தா ஹை பாய், ஜாத்தா ஹை" என்றார். போகிறேன், போகிறேன். சண்டைக்குரலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பலமுறை சொல்லிப் பழகிய குரல். பையிலிருந்த நகல் அவர் நினைவுக்கு வரவில்லை. நான் பக்கத்தில் இருந்ததும் நினைவுக்கு வரவில்லை. காவலாளி பதறிப்போய் அவர் தோளைத் தொட்டு, "பைட்டோ பாபா, பைட்டோ" என்று உட்காரச் சொன்னார். நானும் எழுந்து அவர் கையைப் பிடித்தேன். "அப்பா, நான் இருக்கேன். உக்காருங்க."

உட்கார்ந்தார். நிழலுக்கே போய் உட்கார்ந்தோம். ஆனால் காலுறைகளை எடுத்து மாட்டி, ஷூவையும் போட்டு நாடாவைக் கட்டிவிட்டார். கைப்பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். குளிக்கலாம் அப்பா என்று எத்தனையோ விதமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். "போதும். பாத்தாச்சுல்லா" என்றார். ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்தார். மலையாளி வீட்டுக் குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு வந்தபோது எடுத்துக் கொடுத்தார். மதியத்துக்கு முன்பே, நேரமாகிவிட்டது போவோம் என்று கிளப்பிவிட்டார். கப்பல் புறப்பட மாலைவரை நேரம் இருந்தது.

கப்பல் நகரத் தொடங்கியபோது மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கட்டடங்கள் ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொண்டிருந்தன. அப்பா அவற்றைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த தடவ அம்மையையும் கூட்டிட்டு வரணும்" என்றார். "உன்ன மட்டும் பாத்தா மகள்னு நம்புவானுவளோ என்னவோ. அம்மையும் கூட இருந்தா ஒருத்தனும் கேக்கமாட்டான்."

யாரும் கேட்கவில்லையே அப்பா என்று சொல்ல வாயெடுத்தவள், பக்கத்தில் நெருங்கி நின்றுகொண்டேன்.

அடுத்த தடவை வரவில்லை. டயாலிசிஸ் ஆரம்பித்து அடுத்த கோடைக்குள் அப்பா போய்விட்டார். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்திலிருந்து அலைச்சத்தம் கேட்கும். இந்தக் குளிர்காலத்தில் அம்மாவைத் தோஹாவுக்கு அழைத்துப் போனேன், கப்பலில் இல்லை, விமானத்தில். எந்தக் கடற்கரை என்று இம்முறை நான் அட்டவணை போடவில்லை, நேராக அங்கேயே போனோம். வாசலில் யாரும் எங்களை நிறுத்தவில்லை. அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்வரச் சிறிது நேரம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து, அலையே இல்லாத அந்தத் தண்ணீரையும், குழந்தைகளையும், உணவகத்தின் கூரையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.