கேட்டுவிட்டு மிதிக்கும் நிலம்

நான் கடல் தாண்டிக் குடிவந்த அல்பேர்ட்டாவில் எங்கள் வேலை கதவைத் தட்டுவதில் தொடங்குகிறது. களிப்பாறைக்குள் அடைபட்ட எரிவாயுவைத் தேடும் குழு நாங்கள். கனத்த லொறிகள் நிலத்தை அதிரவைக்கும். ஆழத்திலிருந்து திரும்பும் அதிர்வை ஜியோபோன் என்ற சிறு கருவிகள் பதிந்துகொள்ளும். அவற்றை வரிசையாக நட்டுவைப்பவன் நான். காணிக்காரர் சம்மதிக்காமல் ஒரு கருவியும் மண்ணில் இறங்காது. இத்தனை வருடமாகியும் எனக்கு அது புதினமாகவே இருக்கிறது.

போன கோடையில் ஒரு கோதுமைத் தோட்டக் கிழவர் தன் கிணற்றுப் பக்கம் லொறி வரக்கூடாது என்றார். சண்டையில்லை, விளக்கமில்லை. வெறும் "நோ". எங்கள் பொறியியலாளர் வரைபடத்தை விரித்து லொறி போகும் கோட்டை வளைத்துவிட்டார். பிறகு கிழவர் என்னிடம் ஊரில் கிணறு உண்டா என்று கேட்டார். ஒன்று உண்டு, என்னைப் பெற்ற ஐயா வெட்டியது என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு என் கையைக் குலுக்கினார். அந்தப் பக்கம் கிணறு என்றால் எண்ணெய்க் கிணறும்தான்; அவர் அதைத்தான் நினைத்துவிட்டார் என்பது லொறியில் ஏறிய பிறகுதான் விளங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த "நோ"வின்மேல் அப்படியொரு பொறாமை. எங்கள் ஊரான வலிகாமம் வடக்கில், போர்க்காலத்தில் எங்கள் காணி இராணுவ வலயத்துக்குள் போனபோது ஐயாவிடம் யாரும் கேட்கவில்லை. அவர் இடம்பெயர்ந்து போன உடுவிலில் வாடகை வீட்டிலேயே கண்மூடினார்.

காணி விடுபட்டதும் அண்ணை போய்ப் பற்றை வெட்டி வெங்காயம் நட்டார். பங்கு பிரிக்க என்னை வரச்சொன்னார். இந்தத் தையில் போனேன். அந்த மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் எப்படிப் படிந்திருக்கும் என்று என்னால் வரைந்து காட்ட முடியும். அண்ணையோ செம்மண்ணில் வெறுங்காலோடு நின்றார். கிழவர்மேல் வந்த பொறாமை இப்போது கூடப்பிறந்தவர்மேல் வந்தது. கிணற்றடியை என் பங்கில் விடும்படி கேட்டேன். அதனால் எனக்கு ஒரு பயனுமில்லை. அவரிடம் அது இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அண்ணை குனிந்தபடியே சொன்னார்: "அது ஏலாது தம்பி. தூர்ந்துபோய்க் கிடந்ததை நானெல்லோ இறைச்சனான். வேறை எந்தப் பக்கமெண்டாலும் எடு."

"அது ஐயாவின்ரை கிணறு, அண்ணை. எனக்கும்தானே."

"ஓம். நீ வருசத்துக்கு எத்தினை வாளி அள்ளுவாய்?"

வெளியே வீதிக்குப் போகும் ஒழுங்கைப் பக்கத் துண்டுக்குச் சம்மதித்தேன். பொறாமை மட்டும் தணியவில்லை.

மறுநாள் காலை நிலஅளவையாளர் வந்தார். அளவு நாடாவின் ஒரு முனையை அண்ணை கிணற்றடியில் பிடித்தார், மறுமுனை என்னிடம். "கொஞ்சம் அங்காலை போங்கோ," என்றார் அளவையாளர், "எல்லைக்கு வெளியாலை நில்லுங்கோ." நான் ஒழுங்கைக்கு இறங்கினேன். நாடா எங்கள் இருவருக்கும் நடுவில் விறைத்து நின்றது.