அந்தப் பை பழுதில்லை

பிலோமினா மிஸ்ஸின் தங்கை கொட்டாஞ்சேனையில் இருந்து அழைத்தபோது நான் வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "அக்கா காலமதான் நித்திரையிலயே போயிட்டா, அண்ணன். லேப் ஆக்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். லேப்பில் உங்கள் ஒவ்வொருவருக்கும் நான்தான் சொன்னேன். சொல்லாத ஒன்று மிச்சம் இருந்தது. மூன்று பஸ்கள் போன பிறகும் அங்கேயே நின்றேன்.

இந்த நினைவுக் குறிப்பை வாசிப்பவர்களில் மிஸ்ஸை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெஹிவளையில் எங்கள் சிறிய நிறுவனம் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பங்கசை, அதாவது பூஞ்சையை, வளர்த்து விற்கிறது. மண்ணில் இருந்து வேரை அழுகவைக்கும் கெட்ட பங்கசுகளை அது தின்றுவிடும். அவித்த அரிசியில் அதை வளர்ப்பது மிஸ்ஸின் வேலை, காயவைத்துத் தூளாக்கியதை விற்பது என் வேலை. ஒரு வாரத்தில் வெள்ளைச் சோறு பச்சைப் பசேலென்று ஆகிவிடும். பார்க்க வருபவர்கள் முகம் சுளித்தால் மிஸ் பையைத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டுவார். மெல்லிய தேங்காய் வாசம் வரும். "ஊசின சோறு இப்பிடி மணக்குமா? பிள்ளை சுகமா இருக்கு" என்பார். கறுப்புப் புள்ளி ஒன்று கண்டாலும் ஈவிரக்கம் இல்லாமல் பையையே எறிந்துவிடுவார். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பையை, பின்னால் சோதிக்கவென்று, திகதி எழுதி பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பார்.

ஒருநாள் கற்பிட்டியில் இருந்து நசீர் நானா போன் எடுத்தார். "ஒங்கட தூளப் போட்டும் மொளகாக் கண்டெல்லாம் சாவுது!" அவருடைய முழுத் தோட்டமும் அதுதான். கூட்டத்தில் ஐயா, எங்கள் முதலாளி, விசாரித்தார். "தூளில் ஏதோ பழுது போல" என்றேன் நான். ஐயா மிஸ்ஸின் பதிவுப் புத்தகத்தில் சிவப்பு மையால் 'பழுது' என்று எழுதினார். மிஸ் எழுந்து லேப்புக்குப் போனார்.

நானாவுக்குப் போன தொகுதியின் கீழ்த்தட்டுப் பையில் இருந்து ஒரு துளி எடுத்து வளர்த்துப் பார்த்திருக்கிறார். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டுப் பச்சை படர்ந்த தட்டைக் காட்டினார்.

"சிவா, தூள் உயிரோடதான் இருக்கு. வேற என்ன போடச் சொன்னீங்க?"

இரட்டைப் பலன் கிடைக்கும் என்று, பங்கசுநாசினியையும் சேர்த்து ஊற்றும்படி நானாவிடம் சொல்லியிருந்தேன். நல்லது கெட்டது பாராமல் எல்லாப் பங்கசையும் கொல்லும் மருந்து அது.

"நல்ல வேலை பாத்தீங்க! திருடனுக்கு வச்ச நஞ்சக் காவல் நாய்க்கும் குடுத்திருக்கீங்க" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நானாட்ட இண்டைக்கே சொல்லுங்க, இல்லாட்டி மிச்சக் கண்டும் போயிடும். ஐயாட்ட எப்ப சொல்றதெண்டு நீங்களே பாருங்க. நான் சொன்னா அது கோள்."

நானாவிடம் அன்றே சொன்னேன். மருந்தின் வேகம் அடங்கட்டும் என்று மிஸ் இரண்டு வாரம் பொறுக்கவைத்தார். பிறகு நாங்கள் இருவரும் கற்பிட்டிக்குப் போய், ஆறிய மாட்டெருவில் புதுத் தூளைக் கலந்து மிளகாய்க் கன்றுகளின் அடியில் போட்டோம். பாதித் தோட்டம் பிழைத்தது. "உண்மையச் சொன்ன சேல்ஸ்காரன இப்பதான் பாக்குறன்" என்றார் நானா. மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஐயாவிடம் நான் சொல்லவேயில்லை. இன்று நாளை என்று இழுத்தேன். அடுத்த வருடம் லேப்புக்குப் பொறுப்பாளர் போடும்போது ஐயா அந்தச் சிவப்பெழுத்தைக் காட்டினார். பதவி வெளியே இருந்து வந்த ஒருவருக்குப் போனது. அன்றும் நான் அந்த அறையில்தான் இருந்தேன்.

மிஸ் ஒரேயொரு தரம் கேட்டார். "சொல்லிட்டீங்களா?"

"நேரம் பாத்துக்கொண்டிருக்கிறன், மிஸ்."

"ஓம், பாருங்க" என்றுவிட்டு அரிசி அவிக்கப் போனார். அதற்குப் பிறகும் தினமும் எனக்கும் சேர்த்துத்தான் தேநீர் ஊற்றினார்.

இதை வாசிப்பவர்களில் ஐயாவும் இருப்பார். ஐயா, அந்தத் தூளில் பழுதில்லை. பிழை என்னுடையது. பொய்யும் என்னுடையது. மிஸ் உயிரோடு இருக்கும்போது இதைச் சொல்லாததற்கு, அவருடைய அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

நேற்று பிரிட்ஜின் கீழ்த்தட்டில் தேடினேன். மிஸ்ஸின் கையெழுத்தில் திகதியோடு அந்தத் தொகுதிப் பை இன்னும் இருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்ளப் போகிறேன். திறந்து முகர்ந்து பார்த்தேன். தேங்காய் வாசம் எப்போதோ போய்விட்டது. ஒரு கறுப்புப் புள்ளிக்குப் பையையே எறிகிறவர், என்னை மட்டும் இத்தனை வருடம் எறியாமல் வைத்திருந்தார்.