ரொட்டிக்காரியின் கையில் இருந்தது

ரஷ்யாவின் காமா ஆற்றங்கரைப் பூங்காவில் நிற்கும் சிமெண்ட் சிறுமியை ஊரில் எல்லோரும் ரொட்டிக்காரி என்றுதான் அழைத்தார்கள். இரு கைகளிலும் உருண்டையாக எதையோ ஏந்தி நின்றாள். ரொட்டியைத் தவிர வேறென்னவாக இருக்க முடியும்?

காப்பித்தோலினா அந்தப் பூங்காவின் பராமரிப்புத் தொழிலாளி. இருபத்தேழு வருடங்களாக மே மாத விழாவுக்கு முன் ரொட்டிக்காரிக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்து வந்தாள். வருடத்துக்கு ஒரு பூச்சு. பழையதைச் சுரண்டுவது யாருக்கும் வழக்கமில்லை. அதன் மேலேயே அடிப்பார்கள். விழாவன்று சிலை பளபளத்தால் மேலாளருக்கும் திருப்தி, அவளுக்கும் திருப்தி.

அந்த மார்ச்சில் பழைய சிலைகளைக் கணக்கெடுக்க மாகாண நகரத்திலிருந்து இனெஸ்ஸா என்ற அதிகாரி வந்தாள். ரொட்டிக்காரியை இரண்டு தடவை சுற்றி வந்துவிட்டு, உருவம் தெளிவாக இல்லை, கலை மதிப்பு இல்லை என்று எழுதினாள். அப்படியென்றால் உடைத்து, புதிய வண்டி நிறுத்துமிடத்துக்குக் கீழே கொட்டிவிடலாம் என்று பொருள். இதை மேலாளர் ரோதியோன் ல்வோவிச் சொல்லக் கேட்டுக் காப்பித்தோலினா போய்ச் சிலையின் முகத்தைப் பார்த்தாள். மூக்கு இருந்த இடத்தில் ஒரு மேடு. கண்கள் இரண்டு பள்ளம். தினமும் பார்த்த முகம்தான். அது இல்லாமல் போனது எப்போது என்று அவளுக்குத் தெரியவில்லை. யார் போக வைத்தது என்று மட்டும் தெரிந்தது.

சிலையைச் சுத்தம் செய்ய மூன்று வாரம் அவகாசம் கேட்டாள். பனி உருகி முடியும்வரை எப்படியும் இடிக்கும் வண்டி வராது என்று மேலாளரும் தலையாட்டினார்.

அருகிலிருந்த கடையிலிருந்து மின்கம்பி இழுத்து, தலைமுடி காயவைக்கும் தன் இயந்திரத்தால் பெயிண்டைச் சூடாக்கினாள். இளகியதும் மரக்குச்சியால் கிளப்பினாள். இரும்பைத் தொடவில்லை, சிமெண்ட் கீறிவிடும் என்று. டிராக்டர் ஓட்டும் யெஃபீம் தினமும் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தான்.

"காப்பா அத்தை, அவளுக்கு முடி காயவைக்கிறியா? அப்படியே சுருட்டியும் விட்டுரு."

"உன் தலையில மயிர் இருந்தா உனக்கும் செஞ்சு விட்டிருப்பேன். போடா வேலையப் பாத்துக்கிட்டு."

முதலில் புருவம் வந்தது. பிறகு மேல் உதட்டின் சிறு வளைவு. சிறுமி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எதற்கென்று காப்பித்தோலினாவுக்குப் புரியவில்லை. பத்தாம் நாள் கைகளுக்கு வந்தாள். ரொட்டியின் மேல் கோடு கோடாகப் பெயிண்ட் கிளம்பியது. கோடுகளுக்குள் குச்சி நுழையாததால், சிமெண்டைக் கீறாதபடி பார்த்துக்கொண்டு தையல் ஊசியால் கிளப்பினாள். மாலைக்குள் ஒரு கூர்மையான மூக்கும் இறுக மூடிய இரு கண்களும் தெரிந்தன. உருண்டை முழுக்க முட்கள்.

முள்ளெலி. ரொட்டி இல்லை. பயந்து சுருண்டுகொண்ட முள்ளெலியை, குத்தினாலும் கீழே போடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள் அந்தச் சிறுமி. அவள் அடக்கிக்கொண்டது சிரிப்பை அல்ல, வலியை என்று காப்பித்தோலினாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஏறி நின்ற ஏணியிலேயே உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள்.

இனெஸ்ஸா திரும்பி வந்தாள். கையுறையைக் கழற்றி முட்களை விரலால் தடவினாள். பிறகு மேலாளரைப் பார்த்தாள்.

"இவ்வளவு நல்ல வேலைமேல இப்படிப் பெயிண்ட அப்பினது யாரு?"

ரோதியோன் ல்வோவிச் தொண்டையைச் செருமினார். பழைய நிர்வாகத்தில், சோவியத் காலத்திலிருந்தே, என்று இழுத்தார். காப்பித்தோலினாவைக் காப்பாற்றத்தான் இழுக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"நான்தாங்க. இருபத்தேழு வருஷமா. அழகா இருக்கணும்னுதான் அடிச்சேன்."

இனெஸ்ஸா அவளுடைய விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் எல்லாம் வெள்ளி.

"சுரண்டினது?"

"அதுவும் நான்தான்."

பழைய தாளில் எழுதியதை அடித்துவிட்டு, புதிதாக எழுதினாள் இனெஸ்ஸா: சிலை இதே இடத்தில் இருக்கட்டும், பெயிண்ட் கூடாது, பராமரிப்பு காப்பித்தோலினா ஃபியோதரவ்னா.

சிமெண்ட் உதிரத் தொடங்கியிருந்த சிலையின் இடது காதை மட்டும் காப்பித்தோலினா சுரண்டாமல் விட்டிருந்தாள். அது இன்றும் வெள்ளியாக மின்னுகிறது. ஊர்க்காரர்கள் இன்னமும் ரொட்டிக்காரி என்றேதான் சொல்கிறார்கள். மே மாதம் வந்ததும் காப்பித்தோலினா பெஞ்சுகளுக்கும் வேலிக்கும் வழக்கம்போல வெள்ளி அடித்தாள். சிலைக்குப் பக்கத்தில் வந்தபோது மட்டும் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கடந்தாள்.